தனியார் கம்பெனி: பதிவும் பொறுப்பும்

நம் நாட்டில் வியாபாரம் செய்வோர், தொழில் ஓரளவு விருத்தியடைந்து, கொள்முதலும் கடனும் ஒருங்கே பெருகத் தொடங்கும் காலத்தில், தம் ஸ்தாபனத்தைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக ஆக்கிவிடலாமா என்ற வினாவை எழுப்புகின்றனர். கோயம்புத்தூரில் பம்பு செட் செய்வோரும், திருப்பூரில் பனியன் தைப்போரும், சென்னையில் மென்பொருள் எழுதும் இளைஞரும் இவ்வொரு வினாவை வெவ்வேறு காரணம் பற்றிக் கேட்கின்றனர்: ஒருவருக்கு வங்கிக் கடன் வேண்டியிருக்கிறது, ஒருவருக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரிடத்தில் மதிப்பு வேண்டியிருக்கிறது, மற்றொருவரிடம், மூலதனம் போட முன்வந்தவர் அதையே நிபந்தனையாக விதித்திருக்கிறார். அவர்களுக்குக் கிடைக்கும் விடையோ, எந்தப் படிவம், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பதிவு செய்வது இன்று எளிய காரியம். பதிவான நாள் முதல் தலைமேல் ஏறும் கடமையே பெரிய காரியம். ஆகவே, சட்டம் இந்த உருவத்தை எதற்காக வழங்கியது, அதற்கு ஈடாக எதைக் கேட்கிறது, யாருக்கு இது தகும், யாருக்குத் தகாது என்பவற்றை வரிசையாக ஆராய்வது அவசியமாகிறது.

சட்டம் வந்த வழி

கம்பெனி என்னும் அமைப்பு நமக்குச் சட்ட வாயிலாக இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1844-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுப் பங்குக் கம்பெனிகளைப் பதிவு செய்வதற்குப் பதிவாளர் ஒருவரை ஏற்படுத்தியது. 1855-ஆம் ஆண்டுச் சட்டம், பங்குதாரரின் பொறுப்பு அவர் ஏற்ற பங்கின் தொகையோடு முடியும் என்ற வரையறையை அளித்தது. இந்தியாவில் 1850-இல் இயற்றப்பட்ட சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களில் அந்நாளிருந்த சுப்ரீம் கோர்ட்டுகளில் கம்பெனிகளைப் பதிந்துகொள்ள வழி செய்ததாயினும், பொறுப்பின் வரையறையை அது தரவில்லை. 1857-ஆம் ஆண்டுச் சட்டமே அதைத் தந்தது. பின்னர் 1882-இல் வந்த சட்டத்திலும், பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்ற விதி இருந்தது.

அந்தச் சட்டத்தின் காலத்தில், 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், தமிழ்நாட்டில் ஒரு வாரத்துக்குள் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உபயோகமானவை. அம்மாதம் 16-ஆம் தேதி, வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெருமுயற்சியால், பங்கொன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், ஆக 10 லட்ச ரூபாய் மூலதனம் என்ற திட்டத்தோடு, சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. ஒரு தனி மனிதர் கனவிலும் திரட்ட இயலாத பணத்தைச் சிறு சிறு பங்குகளாகப் பலரிடமிருந்து திரட்டலாம் என்பதை அது காட்டிற்று. அதே மாதம் 22-ஆம் தேதி, சென்னையில் பெரும் பெயர் பெற்றிருந்த அர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. அது பெயரளவில் கம்பெனியே தவிர, உண்மையில் பொறுப்புக்கு எல்லையில்லாத கூட்டாளிகளின் ஸ்தாபனம். கூட்டாளிகளின் சொத்து முழுவதும் கடனுக்குப் பாத்தியப்பட்டதாயிருந்தும், அதை நம்பிப் பணம் போட்டிருந்த விதவைகளும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களும் தம் சேமிப்பை இழந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். பொறுப்புக்கு எல்லை இல்லை என்பதனால் மட்டும் கடன் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. கணக்கு பிறர் கண்ணுக்குப் புலப்படுவதே உண்மையான பாதுகாப்பு என்ற பாடம் அதிலிருந்து பெறத்தக்கது. பிற்காலக் கம்பெனிச் சட்டங்கள் யாவும் பொறுப்பை வரையறுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கணக்கை வெளியிடச் சொல்வதன் நியாயமும் இதுவே.

குடும்பத்தாரும் நண்பருமாகச் சேர்ந்து நடத்தும் சிறு ஸ்தாபனங்களுக்கு ஏற்ற தனியார் கம்பெனி என்ற பிரிவை இங்கிலாந்து 1907-இலும், இந்தியா 1913-இலும் சட்டத்தில் சேர்த்தன. இருவர் சேர்ந்தால் போதும். ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்பது அதன் வரம்பு. சுதந்திரத்துக்குப் பின், பாபா கமிட்டியின் அறிக்கையை ஒட்டி எழுந்த 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வரம்பை வைத்துக்கொண்டது. இன்று நடப்பிலிருக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 200 ஆக உயர்த்தியது. பங்குகளைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு, உறுப்பினர் தொகைக்கு உச்சவரம்பு, பொதுமக்களிடம் பங்கு விற்க அழைப்பு விடுக்கத் தடை ஆகிய மூன்றுமே இன்றும் தனியார் கம்பெனியின் லட்சணங்கள். ஒரு லட்ச ரூபாயாவது செலுத்திய மூலதனம் இருக்க வேண்டும் என்றிருந்த விதி 2015-இல் நீக்கப்பட்டது.

சட்டம் படைத்த நபர்

சட்டத்தின் நோக்கில் கம்பெனி, அதன் பங்குதாரர் அனைவரினின்றும் வேறான ஒரு நபர். தன் பெயரில் சொத்து வாங்கும், வழக்காடும், கடன்படும், அதை நிறுவியவர் மறைந்தாலும் தான் மறையாது. இந்தத் தத்துவத்துக்குப் பிரமாணமாக யாவரும் காட்டுவது, 1896-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் பிரபுக்கள் சபை தீர்த்த ஸாலமன் வழக்கு. அந்நகரின் ஒயிட்சாப்பல் பகுதியில் தோல் காலணி செய்துவந்த ஆரன் ஸாலமன் தம் தொழிலைக் கம்பெனியாக்கி, மொத்தம் 20,007 பங்குகளில் 20,001-ஐத் தாம் வைத்துக்கொண்டு, மனைவிக்கும் மகளுக்கும் நான்கு மகன்களுக்கும் ஆளுக்கொரு பங்கு கொடுத்தார். தொழிலை விற்ற விலையின் ஒரு பகுதிக்கு ஈடாக 10,000 பவுன் கடன் பத்திரமும் பெற்றிருந்தார். கம்பெனி விரைவில் நொடித்துப்போயிற்று. ஸாலமனும் கம்பெனியும் ஒருவரே என்று கடன்காரர் சார்பில் வாதாடியபோது, சட்டப்படி பதிவான கம்பெனி தனி நபரே, அதன் கடன் அவர் கடனாகாது என்று சபை தீர்ப்பளித்தது.

இந்த வரையறைக்கு மற்றொரு புறமும் உண்டு. அதைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1886-இல், கல்கத்தா ஹைகோர்ட் கொண்டோலி தேயிலைக் கம்பெனி வழக்கில் காட்டிவிட்டது. தேயிலைத் தோட்டத்தின் சொந்தக்காரர்கள், தாங்களே முழுப் பங்குதாரராயிருந்த கம்பெனிக்குத் தோட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, எங்கள் சொத்தை எங்களுக்கே வேறு பெயரில் மாற்றினோம், ஆகவே முத்திரைத் தீர்வை வேண்டியதில்லை என்றனர்; கம்பெனி வேறு, நீங்கள் வேறு என்று கோர்ட் மறுத்தது. கம்பெனியின் கடன் நம் கடனன்று என்ற சௌகரியத்தை விரும்புவோர், கம்பெனியின் சொத்தும் நம் சொத்தன்று என்ற உண்மையையும் ஏற்றாக வேண்டும். சொந்தக் கடையின் கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்குப் பணம் எடுப்பது போலக் கம்பெனியின் கணக்கிலிருந்து எடுக்க முடியாது. சம்பளமாகவோ டிவிடெண்டாகவோ சட்டம் அனுமதிக்கும் வேறு வகையிலோதான் எடுக்கலாம். வாக்குரிமையில் 10 சதவீதமாவது உடைய பங்குதாரர் தம் தனியார் கம்பெனியிடம் கடன் வாங்கினால், கம்பெனியில் திரண்டிருக்கும் லாபத்தின் அளவுக்கு அக்கடனை டிவிடெண்டாகவே பாவித்து வருமான வரி விதிக்கச் சட்டம் இடந்தருகிறது. புதிதாகக் கம்பெனி தொடங்கிய குடும்பங்கள் முதலில் இடறி விழும் இடம் இதுவே.

எந்த உருவம் யாருக்கு?

கூட்டு வியாபாரம் என்றாலே தனியார் கம்பெனி என்று கொள்ள வேண்டியதில்லை. 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமையும் கூட்டாளி ஸ்தாபனம் தொடங்குவதற்கும் கலைப்பதற்கும் எளியது. ஆனால் ஒரு கூட்டாளி செய்த கடனுக்கு மற்றவர் வீடும் நிலமும் பாத்தியமாகும். வேறு ஒப்பந்தம் இல்லாவிடில் ஒருவர் இறந்தாலே ஸ்தாபனம் கலைந்துவிடும். 2008-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புடைய கூட்டாளி ஸ்தாபனம்) என்னும் உருவம் பொறுப்புக்கு வரையறையைத் தருகிறது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையோ, கூட்டாளிகள் இட்ட பணம் 25 லட்சத்தையோ தாண்டாதவரை தணிக்கைக் கட்டாயமும் அதற்கு இல்லை. எனினும் அது பங்கு வெளியிட இயலாது. வெளியார் மூலதனத்தைப் பங்கு வடிவில் பெற விரும்புவோருக்கு அது பயன்படாது. ஒருவரே தனித்து நடத்த விரும்பினால், 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நபர் கம்பெனிக்கும் இடமளித்திருக்கிறது.

வரியையும் சீர்தூக்க வேண்டும். சில சலுகைகளைத் துறக்கும் இந்தியக் கம்பெனிகள் 22 சதவீத அடிப்படை விகிதத்தில் வருமான வரி செலுத்தலாம் என்று 2019-இல் விதி வந்தது. கூட்டாளி ஸ்தாபனத்துக்கு விகிதம் 30 சதவீதம். இதை மட்டும் பார்த்துக் கம்பெனிக்கு ஓடுவோர், கம்பெனி பிரித்தளிக்கும் டிவிடெண்டுக்குப் பங்குதாரர் மீண்டும் தம் கையில் வரி செலுத்த வேண்டும் என்பதையும், கூட்டாளிக்கு வந்துசேரும் லாபப் பங்குக்கு அத்தகைய இரண்டாம் வரி இல்லை என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. லாபத்தைத் தொழிலிலேயே மீண்டும் முடக்குவோருக்குக் கம்பெனி நன்று. வரும் லாபத்தைக் கொண்டு ஆண்டுதோறும் குடும்பம் நடத்துவோருக்குப் பழைய உருவமே நன்றாயிருக்கலாம்.

பதிவு நடைபெறும் விதம்

தனியார் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு உறுப்பினரும் இரண்டு இயக்குநரும் வேண்டும். அவ்விருவரே இரண்டு நிலையிலும் இருக்கலாம். இயக்குநரில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாளுக்குக் குறையாமல் இந்தியாவில் தங்கியவராயிருத்தல் வேண்டும். கையொப்பமிடுவோர் யாவரும் முதலில் மின்னணுக் கையொப்பம் பெற வேண்டும். அதன் பின், 2020 பிப்ரவரி முதல் நடப்பிலிருக்கும் ஸ்பைஸ் பிளஸ் என்னும் ஒருங்கிணைந்த இணையப் படிவத்தின் முதற்பகுதியில் பெயரையும், இரண்டாம் பகுதியில் மற்ற விவரங்களையும் தர வேண்டும். பெயர், முன்பே பதிவான கம்பெனியின் பெயரையோ பிறர் வணிகச் சின்னத்தையோ ஒத்திருத்தலாகாது. ஒதுக்கப்பட்ட பெயர் 20 நாள் வரை காக்கப்படும். அலுவலக முகவரிக்கு ஆதாரமாக வாடகை ஒப்பந்தம், கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம், இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின் கட்டண ரசீது முதலியன இணைக்கப்படும். கணக்காயர், கம்பெனிச் செயலர், வழக்கறிஞர் முதலிய தொழில்முறையாளர் ஒருவர், சட்டம் கோரியவை யாவும் நிறைவேறின என்று உறுதிமொழி தருவார்.

நாட்டின் எப்பகுதியிலிருந்து செல்லும் விண்ணப்பமும் ஹரியானாவில் மானேசரில் இருக்கும் மத்தியப் பதிவு நிலையத்தில் பரிசீலிக்கப்படுகிறது. அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிடில் மத்திய அரசின் பதிவுக் கட்டணம் இல்லை. மாநிலத்துக்குரிய முத்திரைத் தீர்வை மட்டும் உண்டு. பதிவுச் சான்றிதழோடு வருமான வரிக்குரிய பான், டான் எண்களும் வந்துவிடுகின்றன. வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் ஈட்டுறுதிப் பதிவுகளும் அவ்வழியே நடந்தேறுகின்றன. சான்றிதழில் காணும் கம்பெனி அடையாள எண் 21 இலக்கமும் எழுத்தும் கொண்டது: பங்குச் சந்தையில் இடம்பெறாதது என்று காட்டும் யு என்ற எழுத்து, தொழிலைக் குறிக்கும் ஐந்து இலக்கம், சென்னைப் பதிவாளர் எல்லைக்கு டி.என். என்றும் கோயம்புத்தூர்ப் பதிவாளர் எல்லைக்கு டி.இஸட். என்றும் ஈரெழுத்து, பதிவான ஆண்டு, தனியார் கம்பெனி என்பதைக் காட்டும் பி.டி.சி., இறுதியில் ஆறு இலக்க வரிசை எண். கடிதத்தாளிலும் பில்லிலும் இவ்வெண்ணை அச்சிட வேண்டும். அலுவலக வாசலில் பெயரையும் முகவரியையும் அவ்வட்டாரத்தில் வழங்கும் மொழியின் எழுத்திலும், அதாவது தமிழ்நாட்டில் தமிழிலும், எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம்.

விதிகளை எழுதுதல்

பதிவுக்கு வேண்டிய ஆவணங்களுள் உயிரானவை இரண்டு. கம்பெனியின் பெயர், எந்த மாநிலம், என்ன நோக்கம், எவ்வகைப் பொறுப்பு, எவ்வளவு மூலதனம் என்பவற்றைச் சொல்வது அமைப்பு முறையேடு. உள்ளுக்குள் நிர்வாகம் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதைச் சொல்வது செயல்முறை விதிகள். பின்னது, சட்டத்தின் அட்டவணையிலிருக்கும் மாதிரியை அப்படியே ஏற்றுக் கையொப்பமிடும் வழக்கத்தால், தொடங்குவோரில் பலர் ஒரு முறையேனும் படித்துப் பாராத ஆவணமாகிவிட்டது.

அதன் விளைவை, குடும்பம் ஒன்றின் வழக்கு நன்றாக விளக்கும். சகோதரர் இருவரின் கிளையினர் ஆளுக்கு 25 ஆக மொத்தம் 50 பங்குகளுடைய தனியார் கம்பெனி ஒன்றை நடத்தினர். இரு கிளையும் என்றும் சமமாகவே பங்கு வைத்திருப்பது, யாரேனும் விற்க விரும்பினால் முதலில் தம் கிளையாருக்கே தருவது என்று அச்சகோதரர் 1951-இல் வாய்மொழியாக ஒப்புக்கொண்டனர். செயல்முறை விதிகளில் அதை எழுதவில்லை. அடுத்த தலைமுறையில் ஒருவர் தம் பங்குகளை மறு கிளையாருக்கு விற்றார், சமநிலை குலைந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. செயல்முறை விதிகளில் இல்லாத கட்டுப்பாடு கம்பெனியையோ பங்குதாரரையோ கட்டுப்படுத்தாது என்று 1991-இல் தீர்ப்பாயிற்று. உடன்பிறந்தோரின் பரஸ்பர விசுவாசம் உயர்ந்ததுதான். ஆயினும் அது எழுத்தில் ஏறாவிடில் பேரப்பிள்ளைகளுக்குச் சென்று சேராது.

ஆகவே, பங்கை விற்க விரும்புவோர் முதலில் யாருக்குத் தர வேண்டும், விலையை யார் மதிப்பிடுவது, ஒருவர் இறந்தால் அவர் வாரிசுக்கு இயக்குநர் பதவியும் சேருமா, இருவருக்கும் பாதிப் பாதி என்றால் கருத்து மாறுபடும்போது யார் சொல் நிற்பது என்பனவற்றைத் தொடங்கும்போதே, அனைவரும் நல்ல மனத்தோடு அமர்ந்திருக்கும் வேளையிலேயே, எழுதிவிட வேண்டும். பின்னர் விதியைத் திருத்த வேண்டுமானால் எதிர்ப்பு வாக்கைப்போல் மும்மடங்குக்குக் குறையாத ஆதரவு வாக்கு வேண்டும். கால் பங்குக்கு மேல் வைத்திருக்கும் ஒருவர் எதிர்த்து நின்றாலே திருத்தம் நடவாது.

பதிவுக்குப் பின்

பதிவான 30 நாளுக்குள் முதல் இயக்குநர் கூட்டம் நடத்தி, முதல் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும். ஏற்ற பங்குக்குரிய பணத்தை ஒவ்வொருவரும் செலுத்திவிட்டனர் என்ற அறிவிப்பை 180 நாளுக்குள் தந்த பிறகே கம்பெனி வியாபாரம் தொடங்கலாம். அதன் பின், விற்பனை ஒரு ரூபாய்கூட இல்லாத ஆண்டிலும், கணக்குத் தணிக்கையும் ஆண்டுப் பொதுக்கூட்டமும் உண்டு. கூட்டம் நடந்த 30 நாளுக்குள் கணக்கறிக்கையையும், 60 நாளுக்குள் ஆண்டு விவரத்தையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்துக்கு ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம்; இரண்டு படிவங்கள் ஓராண்டு தாமதமானால் இதுவே 73,000 ரூபாய் ஆகிவிடும். மூன்று ஆண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர் ஐந்தாண்டு காலம் இயக்குநர் பதவிக்கே தகுதியற்றவராவார். 2017-இல் மத்திய அரசு இவ்விதிகளைக் கண்டிப்புடன் செயல்படுத்தியபோது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் தகுதி இழந்தனர். அவற்றுள் மோசடிக்கென்றே வைத்திருந்த வெற்றுக் கம்பெனிகள் இருந்தன. கடமை இன்னதென்று அறியாமல் ஆர்வத்தால் பதிந்துவிட்டுக் கைவிட்டவையும் இருந்தன.

வரையறையின் எல்லை

பொறுப்பின் வரையறை உடையும் இடங்களையும் சொல்லாவிடில் ஆராய்ச்சி நிறைவுறாது. கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தோடு வியாபாரம் நடத்தியது நிரூபணமானால், அதற்கு உடந்தையானவர் மீது எல்லையற்ற பொறுப்பைத் தீர்ப்பாயம் சுமத்தலாம். தனியார் கம்பெனியின் வருமான வரி பாக்கியைக் கம்பெனியிடமிருந்து வசூலிக்க இயலாதபோது, தம் கடும் அசிரத்தை அதற்குக் காரணமன்று என்று மெய்ப்பிக்காத இயக்குநரிடமிருந்து வசூலிக்கச் சட்டம் இடந்தருகிறது. இவை அபூர்வம், நாள்தோறும் நிகழ்வது மற்றொன்று. சிறு கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி, பெரும்பாலும் இயக்குநரின் சொந்த ஜாமீனையும், பல வேளை அவருடைய வீட்டுப் பத்திரத்தையும் கேட்டு வாங்குகிறது. நொடிப்பு நடவடிக்கையில் கம்பெனிக்குக் கிடைக்கும் தற்காலிகப் பாதுகாப்பு ஜாமீன்தாரருக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. ஜாமீன் கையொப்பமிட்ட அளவில் அவருக்கு வரையறை என்ற பேச்சே இல்லை. சரக்கு கொடுத்தவர், வாடிக்கையாளர் ஆகியோரின் கோரிக்கையிலிருந்து காக்கும் கவசம், வங்கியிடம் அந்த அளவுக்குக் கழற்றிக் கொடுக்கப்பட்டுவிடுகிறது.

முடிபு

இவற்றையெல்லாம் சீர்தூக்கின் நம் முடிபு இது. பொறுப்பின் வரையறை ஒருவரின் இயற்கை உரிமையன்று. கணக்கை ஒழுங்காக வைத்து உலகறியக் காட்டுவேன் என்று வாக்களிப்பவருக்குச் சமூகம் சட்டத்தின் வாயிலாக வழங்கும் சலுகை. வெளியார் மூலதனத்தை நாடுவோருக்கும், நஷ்ட அபாயம் மிக்க தொழிலில் இறங்குவோருக்கும், தமக்குப் பின்னும் தொழில் நிலைக்க வேண்டும் என்று கருதுவோருக்கும் தனியார் கம்பெனி மிகத் தகுந்த உருவம். பெயர்ப் பலகையின் கௌரவம் ஒன்றையே நாடுவோருக்கு அது ஆண்டுதோறும் செலவையும் அபராதத்தையும் கொண்டுவரும். அவர்கள் இன்னும் சில ஆண்டு காத்திருப்பதால் எதையும் இழக்க மாட்டார்கள். தொடங்கத் துணிந்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆடிட்டர் நீட்டும் மாதிரி விதிகளில் உடனே கையொப்பமிடாதீர்கள், பங்குதாரராகப் போகும் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து, ஒவ்வொரு விதியையும் வாய்விட்டுப் படித்து, உங்களுக்குப் பொருந்தாததை மாற்றி எழுதச் சொல்லி, அதன் பிறகு கையொப்பமிடுங்கள்.